அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். தயவுசெய்து சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள். சாப்பிடும்போதே படித்தால் உங்களில் சிலருக்குச் சோறு இறங்காது.

இந்த மலருக்கு முதலில் வாசகம் எழுதிக் கொடுத்தவர் பெரியப்பா. அதில் அக்கா "பொறுமையின் இருப்பிடம்" என்றும், "யார் மனமும் கோணாமல் நடந்தவர்" என்றும், "சிறந்த இல்லத்தரசி" என்றும் இருந்தது. மூன்றாவதை விடுங்கள். முதல் இரண்டையும் படித்துவிட்டு மாமா, அதாவது அக்காவின் கணவர், "இது யாரைப் பத்திம்மா?" என்று என்னைக் கேட்டார். அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன்.

அக்கா சினிமா போஸ்டர் ஒட்டியவர். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் ஒரு தியேட்டருக்காக, தன் இரண்டு கையால், பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டியவர். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரசிகர் மன்றத்துக்காரர்களிடம் அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்று எங்கள் ஊர்ப்பக்கத்தில் பல வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. இந்தப் பந்தியில் இருப்பவர்களிலேயே பலர் அதை நம்புகிறீர்கள். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. அதை எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் முறைப்படி வரும், ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான்.

அக்கா பிறந்தது ஆரணி ஆற்றுப் பக்கம், ஒரு கிராமத்துக் காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். அக்கா மூத்தவர், நான் கடைசி. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர் பெரியப்பாதான். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்து, தன் பிள்ளைகளோடு சேர்த்து எங்களையும் கரையேற்றினார். அதை நான் எங்கேயும் மறைக்கமாட்டேன். பின்னால் அவரைப் பற்றி வேறு சிலவும் எழுதப்போகிறேன். இரண்டும் உண்மைதான்.

பத்தாவது முடித்ததும் அக்கா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். அங்கேயிருந்துதான் கல்யாணம். மாமா தியேட்டரில் போஸ்டர் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்ததும் உறவில் ஒரே முணுமுணுப்பு. பசை வாளி தூக்குகிறவனுக்கா பெண் என்று ஒரு சித்தி கேட்டேவிட்டார். அக்கா மணப்பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்: "வாளிதானே சித்தி தூக்கறாரு. உங்க ஊட்டுக்காரரு மாரி பாட்டிலத் தூக்கலியே." சித்தி அன்றைக்குச் சாப்பிடாமல் போனதாகக் கேள்வி. பொறுமையின் இருப்பிடம் என்று எழுதினால் மாமா ஏன் அப்படிக் கேட்டார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் லாரி இடித்து மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது இரண்டு பிள்ளைகளும் சின்னவர்கள். தியேட்டர் முதலாளி வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பினார். ஆள் வேண்டாம், நானே வருகிறேன் என்று அக்கா மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அன்று முதல் வீட்டில் உட்கார்ந்தபடி மைதாவில் பசை காய்ச்சுவது மாமா, ஒட்டுவது அக்கா. பெரியப்பா கம்பெனியிலிருந்து நேராக வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பொம்பள செவுத்தாண்ட நின்னு நடிகன் மூஞ்சியத் தடவிக்கினு இருந்தா நாலு பேரு இன்னா பேசுவான்?"

"அந்த நாலு பேரும் நாஷ்டா வாங்கித் தருவானா, கேட்டு வாங்க பெரீப்பா. தந்தா நான் வாளிய வெச்சிடறேன்" என்றார் அக்கா.

இந்தத் தொழிலில் எல்லோரும் ராத்திரியில் ஒட்டுவார்கள். போலீஸ் தொல்லை இருக்காது, வீட்டுக்காரன் எழுந்து வந்து திட்டமாட்டான். அக்கா மட்டும் பகலில் ஒட்டினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சுவர்க்காரரிடம் கேட்டுவிட்டு, வெளிச்சத்தில் ஒட்டுவார். கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள். பகலில் நின்றதால் அவருக்கு ஒரு லாபமும் இருந்தது. எந்தச் சுவர் முன்னால் யார் நிற்கிறார்கள், யார் நிற்காமல் போகிறார்கள் என்று பார்க்க முடிந்தது.

நான் அப்போது பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு நான் காத்திருந்த இடத்தில் அக்கா மொபெட்டை நிறுத்தினார்.

"ஏன்டி, இன்னா படம் ஓடுதுன்னு நீ எப்படித் தெரிஞ்சிக்கிற?"

"கம்பெனில பசங்க பேசிக்குவாங்க."

"நான் ஒட்டற போஸ்டர் பாக்கறதில்லையா?"

"எங்கக்கா பாக்கறது? ஒயின்ஷாப் செவுத்துல கீது, மெக்கானிக் செட்டாண்ட கீது. அங்க நின்னு நான் போஸ்டரப் பாத்தா எவனாவது நின்னு என்னைப் பாப்பான்."

அக்கா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை படம் மாறியபோது, பெண்கள் ஏறுகிற ஒவ்வொரு கம்பெனி பஸ் நிறுத்தத்திலும் போஸ்டர் இருந்தது. ரேஷன் கடைக்கு எதிரில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், தையல் கடைப் படிக்கட்டுச் சுவரில் இருந்தது. என்னோடு வேலை செய்த ஸ்டெல்லா பாதிரியாரிடம் பேசியதில் மாதா கோயில் சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம்கூடக் கிடைத்தது, சாமி படமும் குடும்பப் படமும் மட்டும் என்கிற கட்டுப்பாட்டோடு.

சென்னையிலிருந்து வரும் போஸ்டரில் எங்கள் தியேட்டர் பெயர் இருக்காது. தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் உள்ள நீளத் துண்டை உள்ளூரில் அச்சடித்துப் போஸ்டருக்கு அடியில் ஒட்டுவார்கள். ஸ்லிப் என்று அதற்குப் பெயர். அந்த ஸ்லிப்பில் படம் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் போட வேண்டும் என்று அக்கா முதலாளியிடம் கேட்டார். முதலாளி சிரித்தார்.

"முடியற நேரத்த எவன்மா கேக்கறான்?"

"ஆம்பள கேக்கமாட்டான் சார். ஊட்ல போய் ஒலை வெக்கறவ கேப்பா. எத்தினி மணிக்கு வுடுவாங்கன்னு தெரியாம எப்படி உள்ள வருவா?"

முதலாளி போட்டுக் கொடுத்தார். அவருக்கென்ன, இரண்டு எழுத்து மைதானே.

போஸ்டர் எதற்கு ஒட்டுகிறோம் என்பதில் அக்காவுக்குத் தீர்மானமான ஓர் எண்ணம் இருந்தது. ரசிகனுக்குப் போஸ்டர் தேவையே இல்லை என்பார். படம் வருகிற தேதி அவனுக்கு மனப்பாடம். சுவரெல்லாம் காலியாக இருந்தாலும் முதல் காட்சிக்கு வந்து நிற்பான், சனி ஞாயிறோடு அவன் வேலை முடிந்துவிடும். திங்கள் முதல் வியாழன் வரைக்கும் தியேட்டரில் நாற்காலிகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்குத்தான் போஸ்டர். எங்கள் தொழிற்பேட்டையில் வார விடுமுறை ஆளுக்கொரு நாளில் வரும். புதன்கிழமை வீட்டில் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா அழைத்தார். மெல்ல மெல்ல நடுவாரத்து மதியக் காட்சியில் புடவையும் சுடிதாரும் தெரிய ஆரம்பித்தன.

இனி அந்தப் படம். அதன் பெயரையும் கதாநாயகர் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது, பாவம்.

பெரிய நடிகர் படம் என்பதால் பெரிய போஸ்டர் வந்தது. ஆறு தாளாகப் பிரித்து அடித்து, மேலே மூன்று கீழே மூன்று என்று சேர்த்து ஒட்டுகிற வகை. மேல்தாள் மூன்றிலும் கதாநாயகர், கையில் அரிவாள், கண்ணில் நெருப்பு. கீழ்த்தாள்களில் அவருடைய மூன்று தங்கைகளாக நடித்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதை வீட்டுக்கூடத்தில் விரித்துப்போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"மேல கீறது ஆம்பளைங்களுக்கு. கீழ கீறது நம்பளுக்கு" என்றார்.

"தலையில்லாம எப்படிம்மா ஒட்டுவ?" என்றார் மாமா.

"கீழ மூணு தல கீதே, கண்ணு தெரியலியா?"

கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் ஆறு தாளையும் சேர்த்து ஒட்டினார். பெண்கள் நிற்கிற நிறுத்தங்களில் கீழ்த்தாள் மூன்றை மட்டும் ஒட்டி அடியில் ஸ்லிப்பை ஒட்டினார். மிஞ்சிய மேல்தாள்களை மெக்கானிக் செட்டுகளிலும் டீக்கடைகளிலும் தனியாக ஒட்டினார். ஒரு தாளும் வீணாகவில்லை. எங்கள் பஸ் நிறுத்தத்தில் அந்த மூன்று பெண்களின் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா சொன்னது நினைவிருக்கிறது: "நம்ப செகண்ட் ஷிப்ட் ஆட்டோ மாரியே கீதுடி. இதுக்குப் போலாமா?"

மன்றத்துக்காரர்கள் கண்ணில் பட்டது திங்கட்கிழமை. எங்கள் நிறுத்தத்துச் சுவரைப் போட்டோ எடுத்து, தலைவர் முகத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். அப்போது மன்றத்தின் செயலாளர் குமரேசன். இன்றைக்குத் தண்ணீர் கேன் வியாபாரத்தில் பெரிய மனிதர், இந்தப் பந்தலிலும் இருக்கிறார், வணக்கம். அன்றைக்கு அவர் ஆட்களோடு தியேட்டருக்குப் போய் முதலாளியிடம் ஒரே வார்த்தை சொன்னார். ஒட்டின பெண்மணி தியேட்டர் வாசலில், கட்அவுட் முன்னால் நின்று, எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒரு காட்சியும் நிம்மதியாக ஓடாது.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒரு வார்த்த சாரின்னு சொல்ட்டுப் போயேன்மா. வாய்ல இன்னா முத்தா கொட்டிடும்?"

"நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க சார். தப்புன்னா கேக்கறேன்."

"தப்புன்னு நான் சொல்லலியே. அவனுங்க ஒரே பேஜாரு பண்றானுங்கம்மா."

"அப்ப பேஜாரு பண்றவன்தான் கேக்கணும். நான் ஏன் கேக்கணும்?"

முதலாளி நல்லவர், ஆனால் பயந்தவர். வியாழக்கிழமை அடுத்த படத்தின் போஸ்டர் வருவதற்குள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். இடுப்பு கூடாத மாமா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், அந்த ஒரு வருமானம். அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. வீட்டுக்கு வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். பெரியப்பா அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

"நம்ப மாரி ஆளுங்களுக்கு எதுக்கும்மா இந்த வீம்பு? குனிஞ்சி போனா போயிடுச்சி."

"குனிஞ்சி குனிஞ்சி நாத்து நட்டது போதும் பெரீப்பா. அம்மா முதுகைப் பாத்தீங்க இல்ல?"

பெரியப்பா எழுந்து போனார். அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை மதியக் காட்சிக்கு அக்கா தியேட்டர் வாசலுக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை, தானாகப் போனார். நானும் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். டிக்கெட் கவுண்டரில் பெண்கள் வரிசை தெருவுக்கு வந்திருந்தது. கம்பெனிச் சீருடையிலேயே வந்தவர்கள் இருந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள், ஸ்டெல்லா தன் மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மன்றத்துப் பையன்கள் கட்அவுட்டுக்குக் கீழே கும்பலாக நின்றார்கள். குமரேசன் முன்னால் வந்தார்.

"இன்னாம்மா, நீயே கேக்க வந்துட்டியா?"

"ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்றார் அக்கா. "உள்ள போய்ப் பாரு, எத்தினி பேரு உக்காந்துகினு கீறாங்கன்னு. எல்லாரும் உன் தலைவரு படத்தப் பாக்கத்தான் வந்து கீறாங்க. நீ அவருக்குப் பால் ஊத்துன. நான் ஆளக் கூட்டியாந்தேன். யாரு அவருக்கு அதிகமா செஞ்சது? நீயே சொல்லு."

குமரேசன் தலையை ஆட்டிக்கொண்டு, "சரி, வுடு, முடிஞ்சி போச்சி" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் கலைந்து போனார்கள். வியாழக்கிழமை காலையில் முதலாளியே அடுத்த போஸ்டர் கட்டைக் கொடுத்தனுப்பினார். எங்களுக்கோ தலைகால் புரியவில்லை. அக்கா பேசியே ஜெயித்துவிட்டார் என்று மாமா தெருவெல்லாம் சொன்னார்.

அதன்பிறகு அக்கா அந்தக் கதையைச் சொல்லாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. நீ பால் ஊத்துன, நான் ஆளக் கூட்டியாந்தேன் என்கிற இடத்துக்கு வந்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொள்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வருடங்கள் போயின. மாமா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். டிரெய்லர் போனில் வருகிறது, டிக்கெட்டும் போனில்தான் என்று ஆன பிறகும் அக்காவின் வேலை குறையவில்லை. எந்தத் தியேட்டரில், எத்தனை மணிக்கு, எப்போது விடுவார்கள் என்பதை எங்கள் பெண்கள் இன்றைக்கும் பஸ் நிறுத்தத்துச் சுவரில்தான் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் பட நிறுவனத்துக்காரர்களே பெண்கள் படத்தை மட்டும் தனியாக ஒரு போஸ்டர் அடித்து அனுப்புகிறார்கள். அந்தக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அக்கா, "இப்பத்தான் புத்தி வந்து கீது" என்பார்.

பிறகு சிறுநீரகம் பழுதானது. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தோம். கடைசித் தடவை சேர்த்தபோது குமரேசன் ஒரு பை நிறையப் பழத்தோடு பார்க்க வந்தார். உள்ளன்போடுதான் வந்தார், அதைச் சொல்லிவிடுகிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினார். பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

"அன்னிக்கு உங்க பெரீப்பா தாம்பூலத் தட்டோட ஊட்டாண்ட வந்துட்டாரா, எனக்கே ஒருமாரி ஆயிடுச்சிக்கா. பொண்ணு வர வெக்கப்படுது, அது சார்பா நான் மன்னிப்புக் கேக்கறேன், அதுதான் அனுப்புச்சின்னாரு. பெரிய மனுசன் கண்ணுல தண்ணி. அதோட வுட்டுட்டோம்."

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எப்ப வந்தாரு?"

"அந்தச் செவ்வாக்கெழம. நீ வாசல்ல வந்து பேசுனியே, அதுக்கு மொத நாளு. உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

"நான் அனுப்பல."

"வுடுக்கா. அதெல்லாம் பழைய கத."

"உனக்குப் பழசு. எனக்கு இன்னைக்குத்தானே தெரியுது. நான் கேக்காத மன்னிப்ப நீ இத்தினி வருசம் வெச்சிக்கினு கீற. அத நீ திருப்பிக் குடு. நான் கேக்கலன்னு உன் வாயால நாலு பேராண்ட சொல்லு."

குமரேசன் சரிக்கா, சரிக்கா என்று எழுந்து போனார். அவர் போன பிறகு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நான் கதையச் சொல்லச் சொல்ல எல்லாரும் அதுக்குத்தான் சிரிச்சாங்களா?" என்று ஒருமுறை கேட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். மாமாவுக்கும் அப்படித்தான். இந்தப் பேச்சு உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியவில்லை. ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "பெரீப்பாவ ஒண்ணும் பேசிடாத. ஆனா நான் கேக்கலன்னு ஊருக்குச் சொல்லிடு. மறந்துடாதடி." அந்த வாரமே போய்விட்டார்.

சாவுக்கு மன்றத்துக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். அக்கா படத்தைவிடக் குமரேசன் படம் கொஞ்சம் பெரிது. "பண்பின் சிகரமே" என்று போட்டிருந்தது. அக்கா திருப்பிக் கேட்டது மட்டும் அதில் இல்லை. வேலை மும்முரத்தில் மறந்திருக்கலாம். ஓராண்டு பொறுத்துப் பார்த்தேன். இனி பொறுப்பதற்கில்லை என்றுதான் நானே எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குப் போகும் முன்பு பெரியப்பாவிடம் கொண்டுபோய்ப் படித்துக்காட்டினேன். அவரை மறைத்துச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. மறைத்துச் செய்ததால்தானே இவ்வளவும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஏன் போனேன்னு எழுதினியா?"

"சொல்லுங்க, எழுதறேன்."

"அவனுங்க கும்பலா கீறானுங்க. இவ ஒத்தையில நின்னு ஒட்டறவ. எந்தச் செவுரு, எந்நேரம்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தூக்கம் வரல. போனேன்."

"உங்க பேர்ல கேட்டிருக்கலாமே பெரீப்பா. அக்கா பேரை ஏன் சொன்னீங்க?"

"என் பேர்ல கேட்டா எவன் மதிப்பான்? அவ பேருக்குத்தான் அங்க மதிப்பு."

அதையும் அப்படியே எழுதிவிட்டேன். அவர் பயந்தது நியாயம். வளர்த்தவருக்குப் பயம் வரத்தான் செய்யும். அக்காவைக் கேட்காமல் அக்காவின் வாயாகப் பேசியது நியாயமில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இந்த மலரோடு ஒரு போஸ்டரும் அடித்திருக்கிறோம். கடைத்தெருவிலும் எல்லாப் பஸ் நிறுத்தங்களிலும் தியேட்டருக்கு எதிர்ச்சுவரிலும் நாளைக்கு ஒட்டப்போகிறோம். அக்கா படம் ஆறு தாளில், முழுதாக. கீழே ஸ்லிப்பில் ஒரே வரி: "எங்கள் அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை." வேறு யார் படமும் அதில் கிடையாது. ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து என்னிடம் சொல்லலாம், நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போன நாளெல்லாம் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வந்த ஸ்டெல்லாவுக்கு நன்றி. அக்காவின் வேலையைக் கடைசிவரை வேறு ஆளுக்குக் கொடுக்காமல், படுத்த பிறகும் அவர் பெயரிலேயே போஸ்டர் கட்டை அனுப்பிய முதலாளிக்கு நன்றி. கேட்டதும் சரி என்று சொன்ன அத்தனை சுவர்க்காரர்களுக்கும் நன்றி. கம்பெனி பஸ்ஸை எங்கள் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி, இறங்கி வந்து மாலை போட்டுவிட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு நன்றி, உங்கள் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியாது. உண்மையை வாய்தவறியாவது சொன்ன குமரேசனுக்கும் நன்றி. அவர் இல்லையென்றால் அக்கா தெரியாமலே போயிருப்பார்.

கடைசியாகப் பெரியப்பாவுக்கு. மேலே உள்ளதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒருநாள், மாமாவோடு போஸ்டர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து வாசலில் நின்றார். ஒரு ஸ்லிப்பை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, அந்த வரியை மெல்லப் படித்தார். மடித்துத் திரும்ப வைத்தார். தியேட்டர் எதிர்ச்சுவர் உயரமாச்சே, ஏணியை யார் பிடிப்பது என்று கேட்டார். யாரையாவது கூப்பிடணும் என்றேன்.

"எதுக்கு யாரையோ கூப்புடற? நான் வரேன்" என்றார். "எல்லாரும் பாக்கட்டும்."

நாளைக்குக் காலையில் கிளம்புகிறோம். ஒட்டப்போவது நான், ஏணியைப் பிடிக்கப்போவது பெரியப்பா.

இங்ஙனம்,
குடும்பத்தார் அனைவர் சார்பிலும்,
தங்கை